பனி விலகிய நிலமும் ஓர் இலையின் சாட்சியமும்

பனியாறு பின்வாங்கிய நிலத்தில் முதலில் முளைத்தது எது? எளிமையாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேடி ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக வட ஐரோப்பாவின் சதுப்புகளையும் ஏரிகளின் அடிச்சேற்றையும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இத்தேடலில் இருவகைச் சாட்சிகள் உண்டு. ஒன்று, நுண்ணோக்கியில் மட்டுமே தென்படும் மகரந்தத் துகள். மற்றது, வெறுங்கண்ணுக்கே புலப்படும் எச்சங்கள்: இலை, விதை, மொட்டுச்செதில், மரத்துண்டு. கடந்த நூறாண்டுகளில் முதற்சாட்சிக்கு அளவுக்கு மீறிய இடம் கொடுத்துவிட்டோம் என்பது என் எண்ணம். இது நிபுணர்களின் உள்வீட்டுச் சண்டை மட்டுமன்று. இன்று வெப்பமாகிவரும் பூமியில் காடுகள் தப்பிப் பிழைக்குமா என்ற கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது.

காலத்தால் மூத்தது இலையின் சாட்சியமே. டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப், அந்நாட்டுச் சதுப்புகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த மர எச்சங்களை ஆராய்ந்து, ஆஸ்பென், பைன், ஓக், ஆல்டர் என்ற வரிசையில் காடுகள் மாறிவந்திருப்பதை 1842இல் வெளியிட்டார். 1870இல், இருபது வயதையொட்டியிருந்த ஆல்ஃப்ரெட் நாத்தோர்ஸ்ட், தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதிக் களிமண்ணில் துருவப் பிரதேசச் செடிகளின் இலைகளைக் கண்டெடுத்தார். இன்று வயல்கள் நிறைந்த அச்சமவெளி ஒருகாலத்தில் மரமற்ற துந்திரமாக இருந்தது என்பதற்கு அவ்விலைகளே ஆதாரம்.

அச்செடிகளில் ஒன்று டிரையஸ் ஆக்டோபெட்டலா. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. தரையோடு படர்ந்து, பொதுவாக எட்டு இதழ்கள் கொண்ட வெண்மலர்களைப் பூப்பது. 1901இல் ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் என்ற இருவர், கோபன்ஹேகனுக்கு வடக்கே அல்லெரோட் என்ற ஊரின் செங்கற்சூளைக் களிமண் குழியில் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். கீழே டிரையஸ் இலைகள் கொண்ட களிமண். நடுவே பிர்ச் மர எச்சங்கள் கொண்ட கரிமச் சேறு. மேலே மறுபடியும் டிரையஸ். அதாவது பனி விலகி, மரம் வந்து, மீண்டும் கடுங்குளிர் திரும்பியிருக்கிறது. சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு நிலவிய அக்குளிர்காலத்தை உலகம் இன்றும் ‘இளைய டிரையஸ்’ என்றே அழைக்கிறது. ஒரு சிறு செடியின் இலை, பூமியின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்துக்கே பெயர் தந்துவிட்டது.

பின்னர் வந்தது எண்களின் காலம். 1916இல் ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவில் ஆற்றிய உரையில், படிவின் ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள மகரந்தத் துகள்களை எண்ணி, விழுக்காடாக வரைந்து காட்டினார். அதன் கவர்ச்சி புரிந்துகொள்ளத்தக்கதே. மகரந்தத்தின் மேலுறை எளிதில் அழியாதது. ஒரு சிட்டிகைச் சேற்றில் ஆயிரக்கணக்கில் கிடைப்பது. ஓர் ஏரியின் வரைபடத்தை மற்றோர் ஏரியின் வரைபடத்தோடு ஒப்பிடவும் முடியும். இலைகளோ அரிதாகவே அகப்படுபவை. அவற்றுக்கு நிறையச் சேற்றைச் சலிக்க வேண்டும். நிறையப் பொறுமையும் வேண்டும்.

ஆனால் மகரந்தம் ஓர் ஊர்சுற்றி. பைன் மகரந்தத்துக்குக் காற்றுப்பைகள் இரண்டு உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வல்லது. டிரையஸ் போன்று பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடிகளோ மிகக் குறைவாகவே மகரந்தம் சிந்துகின்றன. ஆகவே மரமே இல்லாத வெற்றுநிலத்து ஏரியிலும் எங்கிருந்தோ வந்த பைன் மகரந்தம் பெரும் விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். மறுபுறம், ஒரு பள்ளத்தாக்கில் பத்திருபது மரங்கள் மட்டுமே ஒண்டிக்கொண்டிருந்தால், அவற்றின் சொற்ப மகரந்தத்தைக் காற்றில் வந்த வழிப்போக்கன் என்று ஆய்வாளர் ஒதுக்கிவிட நேரும். இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் காட்டக்கூடிய சாட்சி இது. தவிர, புல்லின் மகரந்தம் பெரும்பாலும் ‘புல்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. இலையும் விதையும் பல வேளைகளில் இனத்தின் பெயரையே சொல்லிவிடுகின்றன. அவை உதிர்ந்த இடமும் பெரும்பாலும் தாய்ச்செடிக்கு அருகிலேயே இருக்கும்.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். 1899இல் கிளெமென்ட் ரீட் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிரைப் போட்டார். பனிக்காலம் முடிந்தபின் ஓக் மரம் பிரிட்டனின் வடகோடியை எட்டியிருக்கிறது. தன் காயைத் தானே உதிர்த்து நகர்வதென்றால் அதற்குப் பத்து லட்சம் ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கும். கிடைத்ததோ சில ஆயிரம் ஆண்டுகள். பறவைகள் சுமந்து சென்றிருக்க வேண்டும் என்றார் ரீட். பிற்கால மகரந்த வரைபடங்கள் மரங்கள் ஆண்டுக்கு 100 முதல் 1,000 மீட்டர் வரை நகர்ந்ததாகக் காட்டின. மரங்கள் அவ்வளவு வேகமாக நடந்தவை என்றால், இன்றைய வெப்பத்துக்கும் அவை ஈடுகொடுக்கும் என்று ஆறுதல் கொள்ள இடமுண்டு.

ஆனால் அவை தொலைதூரத்திலிருந்து வரவே இல்லை, பனிக்கு அருகிலேயே சிறு புகலிடங்களில் காத்திருந்தன என்றால்? அப்போது அந்த வேகம் வெறும் தோற்றமாகிவிடும். 2005இல் அமெரிக்க பீச், செம்மேப்பிள் மரங்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அவை ஆண்டுக்கு 100 மீட்டருக்கும் குறைவாகவே பரவியிருக்கக்கூடும் என்றனர். ஸ்வீடன் மலைகளில் லைஃப் குல்மன் கண்டெடுத்த ஸ்ப்ரூஸ் மரத்துண்டுகளும் இப்பக்கமே கைகாட்டின. ஸ்ப்ரூஸ் கிழக்கிலிருந்து மிகப் பிந்தி வந்த மரம் என்பது மகரந்த வழக்கு. ஃபுலுஃபியெல்லெட் மலையில், இன்றும் உயிரோடிருக்கும் ஒரு ஸ்ப்ரூஸின் அடியில் கிடைத்த எச்சமோ சுமார் 9,550 ஆண்டுகள் பழையது என்று 2008இல் அறிவிக்கப்பட்டது.

குல்மனின் முடிவுகளை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. 2012இல் ஏரிப்படிவு டி.என்.ஏ.வைக் கொண்டு, பனிக்காலத்திலேயே வட நார்வேயில் மரங்கள் இருந்தன என்று ஒரு குழு எழுதியபோதும் கடும் மறுப்பு எழுந்தது. எழுந்ததும் நல்லதே. மகரந்தத்தோடு பேரெச்சங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்திவரும் ஹிலரி பிர்க்ஸ், ஜான் பிர்க்ஸ் இருவரும் மறுத்தவர்களில் அடக்கம். இலைக்கும் ஓர் எல்லை உண்டு. கிடைத்த இலை உறுதியான சாட்சி. கிடைக்காத இலை எதற்கும் சாட்சியாகாது. ஓர் ஏட்டில் பாடல் இல்லை என்பதால் அப்படியொரு பாடலே பாடப்படவில்லை என்று எந்தப் பதிப்பாசிரியரும் முடிவுகட்டுவதில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் காணும் அதே நிதானம் சேற்றைப் படிப்பவர்களுக்கும் வேண்டும்.

அந்த நிதானத்துக்குத்தான் இப்போது அவகாசம் இல்லை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ‘கண்ணீர்த்துளி’ என்று பொருள்படும் பெயர்கொண்ட பனியாறு பின்வாங்கிய இடத்தில், சுமார் 400 ஆண்டுகள் புதைந்திருந்த பாசிகள் வெளிப்பட்டன. கேத்தரின் லா ஃபார்ஜ் குழுவினர் அவற்றை ஆய்வகத்தில் மீண்டும் துளிர்க்கச் செய்ததை 2013இல் வெளியிட்டனர். பாஃபின் தீவில் வளர்ந்த இடத்திலேயே வெளிப்பட்ட பாசிகளின் வயது 40,000 ஆண்டுகளுக்கும் மேல். பனி விலகியதும் அவற்றில் பெரும்பாலானவை காற்றாலும் உருகுநீராலும் விரைவில் அழிந்துபோகின்றன. நூலகத்தின் கதவைத் திறக்கும் வெப்பமே ஏடுகளையும் எரித்துக்கொண்டிருக்கிறது.

பனியாறுகளின் அழிவை அளக்கச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவற்றின் விளிம்பில் குனிந்து, இலையைப் பொறுக்கி, இன்ன இனம் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்தான் இல்லை. கருவிகளுக்குக் கிடைக்கும் பணமும் கௌரவமும் இந்தக் கண்களுக்குக் கிடைப்பதில்லை. காடுகள் தாமே நடந்து தப்பித்துக்கொள்ளும் என்று நம்பிச் சும்மா இருப்பதா, விதைகளை நாமே சுமந்து செல்வதா என்று விரைவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சென்றமுறை அவை எவ்வளவு வேகமாக நடந்தன என்பது தெரியாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் வெறும் சூதாட்டமே.