தடுமாறும் இணைப்பும் இருமுறை போகும் பணமும்

இணைய இணைப்பே இல்லாத வீட்டிலிருந்து வங்கிக்குப் புகார் வருவதில்லை. அவ்வீட்டார் கிளைக்கு நேரில் வருகின்றனர்; சலானை நிரப்பி, வேலையை முடித்துக்கொண்டு செல்கின்றனர். புகார் வருவது இணைப்பு இருந்தும் இல்லாமலும் தடுமாறுகின்ற வீடுகளிலிருந்துதான். மடிக்கணினியின் மூலையில் வைஃபை குறி முழுமையாகத் தெரிகிறது. பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் சுழலத் தொடங்குகிறது; சுழன்றுகொண்டே இருக்கிறது. பணம் போயிற்றா, போகவில்லையா? அந்த ஒரு நிமிடத்தில் வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பதில்தான் இழப்பும் காப்பும் அடங்கியுள்ளன என்பது, மைசூரில் கிளை மேசையில் அமர்ந்து இத்தகைய குறைகளைக் கேட்டு வரும் நமது கருத்து.

முதலில் அச்சத்தைக் குறைக்கும் செய்தியொன்று. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. அல்லது ஐ.எம்.பி.எஸ். வழியாக ஒருவருக்கு அனுப்பிய தொகை நம் கணக்கில் கழிக்கப்பட்டும் அவர் கணக்கில் சேராவிடில், மறுநாளுக்குள் அது தானாகவே நமக்குத் திரும்பியாக வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தி அவருக்கு உறுதிச்செய்தி வராமற்போனால் ஐந்து நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் ஈடு. ஆக, தோற்றுப்போன பரிமாற்றத்துக்கு விதியின் பாதுகாப்பு உண்டு. வென்றுவிட்ட பரிமாற்றத்தை மீண்டும் ஒருமுறை செய்துவிட்டால் அப்பாதுகாப்பு இல்லை. முதல் தொகையும் சேர்ந்துவிட்டது, இரண்டாவதும் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் முறைப்படி தரப்பட்டுள்ளன. வங்கியின் பார்வையில் அவை இரண்டு தனித்தனி ஆணைகள். பணத்தைப் பெற்றவர் சம்மதித்தால்தான் அது திரும்பும்.

நமது கிளையின் மூத்த வாடிக்கையாளர் ஒருவர் வீட்டு மராமத்துக்காக மேஸ்திரிக்கு 40,000 ரூபாய் அனுப்ப முனைந்தார். இரவு எட்டு மணி. திரை உறைந்தது. சில நிமிடம் பொறுத்துவிட்டு மீண்டும் அனுப்பினார். இரண்டு தவணையும் போய்ச் சேர்ந்தன. மேஸ்திரி நாணயமற்றவர் அல்லர். ஆனால் அந்தப் பணத்தில் சிமெண்டும் கம்பியும் வாங்கிவிட்டிருந்தார். மூன்று வாரப் பேச்சுக்குப் பின், அடுத்த தவணையில் கழித்துக்கொள்வதாக முடிந்தது. அதற்கிடையே பெரியவர் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்துக் கைச்செலவைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. காரணத்தைக் கண்டுபிடித்தவர் விடுமுறைக்கு வந்த பேரன். ஒவ்வோர் இரவும் இணைப்பு அறுந்த வேளை, அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பில் உணவு சூடாகும் வேளை. ரௌட்டர் இருந்ததோ அடுக்களைச் சுவருக்கு மறுபுறம்.

இது விந்தையன்று. பெரும்பாலான ரௌட்டர்களும் பழைய மடிக்கணினிகளும் பேசிக்கொள்ளும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது ஏறத்தாழ 2.45-இல். அடுப்பிலிருந்து கசியும் அலை உடலுக்குத் தீங்கற்ற அளவே. ஆயினும் ஒரு வாட்டில் சிறு பங்கே வெளியிடும் ரௌட்டரின் மெல்லிய குரலை மூழ்கடிக்க அது போதும்.

மைசூருக்கும் வீட்டிலிருந்து எழும் கம்பியில்லா அலைக்கும் உள்ள உறவு பழையது. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தமது இல்லமான விட்டல் விஹாரிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தை நடத்தினார். அதற்கு வைத்த ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னர் நாட்டின் வானொலிக்கும் வழங்கலாயிற்று. அன்று ஊருக்கு ஒரு நிலையம்; குறுக்கே பேச வேறு எவரும் இல்லை. இன்று சரஸ்வதிபுரத்திலோ குவெம்பு நகரிலோ மடிக்கணினியைத் திறந்து வைஃபை பட்டியலைப் பார்த்தால், அண்டை வீடுகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீடும் ஒரு நிலையம். 2005-இல் நடுவணரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை உரிமம் தேவையற்றதாக அறிவித்ததால் வந்த வசதி இது. உரிமம் வேண்டாத இடத்தில் அமைதிக்கும் உரிமை கோர இயலாது. அப்பகுதியில் உள்ள 13 தடங்களுள் ஒரே சமயத்தில் மோதாமல் இயங்கக்கூடியவை மூன்றே. வழக்கமாக 1, 6, 11. மூன்று தடங்களில் முழுத் தெருவும் பேசுகிறது.

ஆகவே தடுமாற்றம் வந்ததும் இணைய நிறுவனத்தை அழைத்துச் சண்டையிடுவதும், விற்பனையாளர் சொல்கிறாரென்று கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுவதும் பல வேளைகளில் வீண் செலவு என்றே கருதுகிறோம். பிராட்பேண்ட் எனப்படுவதற்கான குறைந்தபட்ச வேகத்தை அரசு 2023-இல்தான் நொடிக்கு 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. இணையவங்கிக்கு அந்த 2 மெகாபிட்டே தாராளம். 300 மெகாபிட் திட்டமானாலும் சுவரைத் துளைக்காது. கோளாறு எந்தக் கண்ணியில் என்று அறிந்த பின்னரே பணம் செலவிட வேண்டும்.

அதை அறிய வல்லுநர் தேவையில்லை. மூலையில் தெரியும் வைஃபை குறி, மடிக்கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான உறவை மட்டுமே காட்டுகிறது. ரௌட்டருக்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. இணைப்பு அறும்போது அதே மேசையில், அதே வைஃபையில் கைப்பேசி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசி நலமாக இருந்து மடிக்கணினி மட்டும் தவித்தால் குறை மடிக்கணினியில். இரண்டும் தவித்தால் மடிக்கணினியை ரௌட்டருக்கு இரண்டடி அருகில் கொண்டு செல்லுங்கள். அங்கே சீராக இருந்தால் பகை தூரமும் சுவரும் அண்டை அலைகளும். அங்கேயும் அறுந்தால் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். கேபிளிலும் அறுந்தால்தான் இணைய நிறுவனத்தை அழைக்க நியாயம் உண்டு. ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ என்று குறித்த சிவப்பு விளக்கு எரிந்தால் இச்சோதனைகள்கூட வேண்டாம். வெளியிலிருந்து வரும் இழையில்தான் பழுது. மணி, நாள், எரிந்த விளக்கு மூன்றையும் குறித்துவைத்துப் புகார் செய்பவரிடம் “ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்” என்று சொல்லித் தப்புவது எளிதன்று.

குறை மடிக்கணினியில் என்றால் முதலில் ஐயுற வேண்டியது மின்சேமிப்பு. பேட்டரியில் இயங்கும்போது வைஃபை அட்டையைச் சற்று உறங்கவிடும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. சார்ஜரைச் செருகியதும் தடுமாற்றம் நின்றால் அதுவே காரணம் எனலாம். டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டைக்கான மின்சேமிப்பு அனுமதியை நீக்கிவிடலாம். அடுத்து, பலரும் எண்ணிப் பாராதது, பக்கத்தில் செருகிய ஹார்ட் டிஸ்க். யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் எடுத்துரைத்தது. கணக்குப் புத்தகங்களையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யும் சிறு வணிகர்கள் இதை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நலம்.

குறை வீட்டில் என்றால் பெரும்பாலும் ரௌட்டர் இருக்கும் இடமே குற்றவாளி. இழை கொண்டுவந்த பணியாளர், வாசற்கதவுக்கு மேல் எங்கே ஆணி அடிக்க எளிதோ அங்கே பெட்டியை மாட்டிச் சென்றுவிடுகிறார். வீட்டார் வேலை செய்வதோ பின்கட்டு அறையில். இடையில் நமது பழைய வீடுகளின் கனத்த செங்கற்சுவர், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி. நவராத்திரி வந்தால் டிரங்குப் பெட்டிகளை அடுக்கிப் படி கட்டி, ரௌட்டரைக் கொலுவுக்குப் பின்னே சிறைவைக்கும் வீடுகளும் உண்டு. அந்த நாட்களில் இணைப்பு தடுமாறினால் பொம்மைகளைக் குறைகூற வேண்டாம். புதிய ரௌட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டாவது பாதையும் உண்டு. அங்கே நெரிசல் குறைவு, அடுப்பின் தொல்லையும் இல்லை. ஆனால் சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. இரண்டு பாதைகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, எது எந்த அறைக்கு ஏற்றது என்று வீட்டாரே தேர்ந்துகொள்வதையே நாம் விரும்புவோம். ஒரே பெயரில் விட்டால் சில மடிக்கணினிகள் இரண்டுக்குமிடையே தாவித் தாவியே இணைப்பை அறுத்துக்கொள்கின்றன.

எனினும் பணம் அனுப்பும் வேலைக்கு நமது பரிந்துரை கேபிள்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லேன் கேபிள், மேற்சொன்ன பகைகள் அனைத்தையும் ஒரேயடியாக விலக்குகிறது. அழகற்றது, காலில் தடுக்குகிறது என்பர். மாதத்தில் நான்கு முறை பணம் அனுப்பவும், ஆண்டுக்கொருமுறை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவும் மட்டும் செருகினால் போதும். மெல்லிய மடிக்கணினிகளில் அதற்கான துளை இல்லையெனில் ஓர் அடாப்டர் வேண்டும். இனிப் புதிய இணைப்பு வாங்குவோர், பணியாளர் துளையிடும் முன் மேசை இருக்கும் அறையைக் காட்டி, “பெட்டி இங்கே வேண்டும்” என்று கேட்டுப் பெற வேண்டும்.

எல்லோரும் கைப்பேசியில் செய்யும் காலத்தில் மடிக்கணினியைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கலாம். சிறிய எழுத்தைப் படிக்க இயலாத மூத்தோருக்கும், ஒரே மாலையில் இருபது பேருக்குக் கூலி அனுப்பும் பட்டறைக்காரருக்கும் பெரிய திரை இன்றும் தேவை. கைப்பேசியின் மொபைல் டேட்டா அவர்களுக்கு இரண்டாவது வழி. வட்டம் சுழன்றால் மீண்டும் அழுத்தாமல், பக்கத்தைப் புதுப்பிக்காமல், மொபைல் டேட்டாவில் கணக்கு விவரத்தைத் திறந்து தொகை கழிந்துள்ளதா என்று பார்ப்பதற்கு அதுவே போதும். கழிந்திருந்தால் பெறுநரைக் கேளுங்கள். அவருக்கும் வரவில்லையெனில் மறுநாள் வரை காத்திருங்கள்.

மற்றுமோர் ஆபத்து இதைவிடப் பெரியது. பொறுமையிழந்தவர் தேடுபொறியில் இணைய நிறுவனத்தின் அல்லது வங்கியின் உதவி எண்ணைத் தேடுகிறார். மோசடிக்காரர் இட்டுவைத்த எண் கிடைக்கிறது. மறுமுனைக் குரல் பரிவுடன் ஒரு செயலியை நிறுவச் சொல்கிறது. அதன் வழியே திரை முழுதும் அவர் கைக்குப் போய்விடுகிறது. தொலைவிலிருந்து திரையை ஆளும் இத்தகைய செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-இலேயே எச்சரித்தது. இணைய நிறுவனத்தின் எண் மாத ரசீதில் உள்ளது. வங்கியின் எண் பற்று அட்டையின் பின்புறம் உள்ளது. சிக்கிவிட்டால் தயங்காமல் 1930-ஐ அழையுங்கள், உடனே வங்கிக்கும் சொல்லுங்கள். ‘கடவுச்சொல்லால்தான் தொல்லை’ என்று வைஃபை பூட்டையே நீக்கிவிடுவோரும் உள்ளனர். அதனால் அலை வலுப்பெறுவதில்லை; பூட்டு டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். ரௌட்டரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

வங்கிகளும் திருந்த வேண்டிய இடம் ஒன்றுண்டு. ‘உங்கள் கோரிக்கையைச் செயற்படுத்த இயலவில்லை, பின்னர் முயலவும்’ என்று திரையில் தோன்றும் வாசகம் பணம் போனதா என்பதைச் சொல்லாமல், மீண்டும் முயலுமாறு மட்டும் சொல்கிறது. நமது மூத்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை அனுப்பியதில் அவ்வாசகத்துக்கும் பங்குண்டு. ‘முந்தைய பரிமாற்றத்தின் நிலையை முதலில் பாருங்கள்’ என்று மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. ஒரே பெறுநருக்கு ஒரே தொகை சில நிமிடங்களுக்குள் மீண்டும் போகுமானால், ‘இது இரண்டாம் முறையா’ என்று கேட்டு நிறுத்தும் ஏற்பாடும் எல்லாத் திரைகளிலும் வர வேண்டும் என்பது கிளையில் பணியாற்றும் நமது வேண்டுகோள்.

அதுவரை, குறை சொல்லக் கிளைக்கு வருவோர் பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும், நேரத்தையும், முடிந்தால் திரையின் படத்தையும் கொண்டுவாருங்கள். எண் கிடைக்காவிடில் தொகையும் பெறுநர் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களும் இருந்தாலும் தேடிவிடலாம்.