எல்லாத் தாதியரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர்



ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், "எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், பாதிக் கைகள் மருத்துவருக்கே உயரும். "தாதி" என்பதற்கு ஒன்றோ இரண்டோ கைகள்தாம். அந்தப் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்கிறோம்? "பொறுமைசாலிப் பிள்ளை, பொருத்தமான வேலைதான்" என்கிறோம். அல்லது, "நீ வாயே திறப்பதில்லையே, நோயாளியிடம் எப்படிப் பேசுவாய்?" என்கிறோம். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். இரண்டாவது தீர்ப்பை வழங்கியவர்களுள் நானும் ஒருத்தி.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் மிகவும் அமைதியான மாணவி ஒருத்தி இருந்தாள். அறிவியல் அறைப் பொருள்களை எண்ணி அடுக்குவது அவள் பொறுப்பு. ஒரு சோதனைக் குழாய் குறைந்தாலும் வந்து சொல்லிவிடுவாள். பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் தாயார், "மகள் தாதியாக ஆசைப்படுகிறாள், டீச்சர்" என்றார். "கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அது சரிவராது, கணக்கியல் படிக்கட்டும்" என்றேன். அந்தத் தாய் என் சொல்லை மறக்கவில்லை. எஸ்.பி.எம். முடிந்ததும் மகளைக் கணக்கியலில் சேர்த்தார். மனம் ஒட்டாமல் ஈராண்டுகளை இழந்த பிறகே அவள் தாதிமைக் கல்லூரிக்குச் சென்றாள். இன்று அவள் அறுவைச் சிகிச்சைக் கூடத்துத் தாதி. அறுவைக்கு முன்பும், காயத்தைத் தைத்து மூடுவதற்கு முன்பும் கருவிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ணிச் சரிபார்ப்பது அங்கே உயிர்காக்கும் கடமை. "இப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், டீச்சர்" என்று அவள் சிரித்தபோது நான் தலைகுனிந்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அகமுகர், புறமுகர் என்று உளவியல் படித்தவள்தான் நான். ஆயினும், தாதிமை என்பது ஒரே வேலை என்று எண்ணியதே என் பிழை. மூவாண்டு டிப்ளோமா முடித்து, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவர், அனுபவத்திற்குப் பின் சிறப்புப் பயிற்சி பெற்றுப் பல பிரிவுகளுக்குச் செல்லலாம்.

நொடியில் முடிவெடுக்கும் துணிவுள்ளவருக்கு அவசரப் பிரிவு உண்டு. இரத்தச் சுத்திகரிப்பு மையத்திலோ, அதே நோயாளிகள் பெரும்பாலும் வாரம் மும்முறை வருவர். நீண்ட உறவைப் பேணத் தெரிந்தவருக்கு அது ஏற்ற இடம். கலகலப்பாகப் பேசுபவர் தாய்சேய் நல மருந்தகத்தில் மலர்வார். பிறர் துயரின் அருகே அமைதியாக அமரத் தெரிந்தவரை, பினாங்கில் 1976இல் தொடங்கப்பட்ட மவுண்ட் மிரியம் போன்ற புற்றுநோய் மருத்துவமனைகள் வரவேற்கும். தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே கேலி பேசுகிறோம்; 1911 முதல் அங்கு இயங்கிவரும் மனநல மருத்துவமனைக்கு வேண்டியது, கேலி பேசாத மனமும் பதற்றமில்லாத குரலும் உடைய தாதியர்.

கையில் விளக்கேந்திய அன்னையாக நாம் பாடம் நடத்தும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், புள்ளிவிவரங்களில் ஊறியவர். கிரைமியப் போரில் மாண்ட வீரர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது காயமன்று, தடுக்கக்கூடிய நோயே என்பதை 1858இல் வரைபடமாக்கிக் காட்டினார். கனிவு மட்டுமன்று, கணக்கும் தாதிமையே!

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். 'தெரிந்து வினையாடல்' என்று, ஆளறிந்து பணி ஒப்படைப்பதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். இவ்விரண்டையும் கற்பிக்கும் நாமே ஆளறியாமல் பேசலாமா?

இதற்காக, குணம் ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. புதிய தாதி தொடக்கத்தில் அனுப்பப்படும் வார்டில்தான் பணியாற்ற வேண்டும். இரவுப்பணி உண்டு, அருவருப்பு பாராமல் நோயாளியைத் துடைத்துவிட வேண்டும், தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவை எந்தக் குணத்தாருக்கும் பொது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சியும் தேவை.

பெற்றோர்களே, பிள்ளை எவ்வளவு பேசுகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பாட்டிக்கு மருந்து வேளையை யார் நினைவூட்டுவது? தம்பி விழுந்தால் யார் பதறாமல் தண்ணீர் கொண்டு வருவது? அது மகனாகவும் இருக்கலாம். ஆண்களும் இன்று தாதியராக உள்ளனர்.

ஆசிரிய நண்பர்களே, மே 12 அனைத்துலகத் தாதியர் நாள். அன்று ஒரு தாதியை, முடிந்தால் வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்த இருவரை, வகுப்பிற்கு அழையுங்கள். மாணவர்கள் கேட்கட்டும். "உனக்குச் சரிவராது" என்று சொல்வதற்கு முன், அந்தப் பணியைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அதன் விலையை ஈராண்டுகளாகச் செலுத்தியவள் என் மாணவி.

சிந்திப்போம்.