குறை சொன்னவரைத் திட்டாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த காலம். பவர் டேபிளில் தைக்கும் ஓர் அக்கா, கழுத்து ரிப்பின் நிறம் உடம்புத் துணியோடு ஒட்டாமல் லேசாக மாறியிருப்பதைக் காலையிலேயே கவனித்துவிட்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. முந்தின வாரம் இப்படிக் குறை சொன்ன ஒருவரை முதலாளி எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். சாயங்காலம் என் மேசைக்கு வரும்போது 600 பீஸ் தைத்து முடிந்திருந்தது.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து 1999-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: பயமில்லாமல் தவறைப் பேச முடிகிற இடத்தில்தான் குழு கற்றுக்கொள்கிறது. டொயோட்டா ஆலைகளில் குறையைக் கண்ட தொழிலாளி அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் உடனே வருவார். சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தி லைனே நிற்கும். அந்தக் கயிற்றை இழுக்கும் கைக்கு அங்கே மரியாதை உண்டு.

திட்டினால் தவறு குறையாது, ஒளிந்துகொள்ளும். அதிகாரத்தில் இருப்பவரின் முகம் சுருங்குவதைத் தொழிலாளர்கள் நொடியில் படித்துவிடுவார்கள். ஆகவே முதலாளிகளே, கெட்ட செய்தியோடு ஒருவர் வந்து நின்றால், "நல்லவேளை, இப்பவே சொன்னீங்க" என்று முதலில் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம்.