வீசிங் என்று ஒரு நோய் இல்லை

எனக்கு ஆஸ்துமா. இந்த இரண்டு சொற்களைச் சேர்த்து எழுத எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அதுவரை யார் கேட்டாலும் "லைட்டா வீசிங் இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் அப்படித்தான். சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதேதான். அந்தச் சொல் என்னைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கும் என்பதால் அதற்கு எதிராக எழுதுகிறேன்.

போன வருடம் போகியில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு 34 வயது. பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தெரியும். போகி விடியலில் அதுவும் தெரியாது. 2018 போகி அன்று புகையும் பனியும் கலந்து சென்னையில் விமானங்கள் தாமதமானது, திருப்பிவிடப்பட்டது எல்லாம் செய்தியாக வந்தது. பைலட்டுக்கே ரன்வே தெரியாத புகை என் மூச்சுக்குழாயை மட்டும் சும்மா விடுமா? அன்று பிடித்த இருமல் போகவில்லை. பகலில் வேலை பார்ப்பேன், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவேன்.

பக்கத்து கிளினிக்கில் ஐந்து முறை போய் நின்றேன். ஐந்து முறையும் மூக்கில் நெபுலைசர் மாஸ்க், இடுப்பில் ஊசி, கையில் சிரப். "சின்ன வீசிங்தான் சார், டஸ்ட் அலர்ஜி." ஒவ்வொரு முறையும் சந்தோஷமாகத்தான் திரும்பினேன். சத்தம் நின்றுவிட்டதே.

ஆறாவது முறை ஒரு நெஞ்சக நோய் மருத்துவரிடம் போனேன். ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொன்னார். ஒரு குழாயில் முழுப் பலத்தோடு ஊத வேண்டும். பிறகு சால்பியூட்டமால் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், சுருங்கிய குழாய் மருந்துக்குத் திறக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதைவிட அதிகமாகவே கூடியது. "ஆஸ்துமா" என்றார். நான் அசடு வழிந்தபடி, "வீசிங்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"வீசிங்ங்கறது சத்தம்பா. உனக்கு இருக்கறது ஆஸ்துமா."

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். வீசிங் என்பது குறுகிய குழாயில் காற்று நுழையும்போது வரும் விசில் சத்தம். ஆஸ்துமா என்பது அந்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சி. சத்தம் வரும், போகும். அழற்சி, நாம் நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் உள்ளே இருக்கும். நோய்க்குச் சத்தத்தின் பெயரை வைத்துவிட்டால், சத்தம் நின்ற அன்றைக்கே நோயும் போய்விட்டது என்று ஆகிவிடுகிறது. என் தொழிலில் சொன்னால், சர்வர் எரிந்துகொண்டிருக்கும்போது அலர்ட்டை மியூட் செய்வது. அதைச் செய்தவனை ஆபீஸில் யாரும் பாராட்ட மாட்டார்கள். வீட்டில் மட்டும் "பரவாயில்ல, சரியாயிடுச்சு" என்கிறோம்.

இந்தச் சொல்லால் எல்லோருக்கும் லாபம் இருக்கிறது, அதனால்தான் அது இத்தனை வருடம் நிற்கிறது. குடும்பத்துக்கு, கல்யாணப் பேச்சில் சிக்கல் இல்லை. எனக்கு, அடுத்த ஆன்சைட் லிஸ்டில் பெயர் விடுபடாது என்ற நம்பிக்கை. மருத்துவருக்கு, நோயாளி ஓடிப்போக மாட்டான். "ஆஸ்துமான்னு சொன்னா மறுநாளே வேற டாக்டர்கிட்ட போயிடுறாங்க, அவர் வீசிங்னு சொல்வார்" என்று என்னிடம் ஒரு மருத்துவரே சொன்னார். ஆக எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைப் பராமரிக்கிறோம்.

அந்தப் பொய்க்கு விலை இருக்கிறது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பதாக மதிப்பீடு. ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியர்கள். நம் நுரையீரல் என்ன மட்டமான சரக்கா? இல்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதில்லை. கண்டுபிடித்தாலும் அழற்சியைக் குறைக்கும் மருந்து, அதாவது இழுக்கும் ஸ்டீராய்டு, பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. மூச்சு முட்டினால் நீல நிற இன்ஹேலரை அடித்துக்கொள்வதோடு சரி. அது குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும், அழற்சியைத் தொடாது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதை மட்டும் தனியாகக் கொடுக்கக்கூடாது என்று உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019ல் சொல்லிவிட்டது.

இங்கேதான் அடுத்த பொய் வருகிறது: "பம்பு அடிச்சா பழகிடும்." அம்மா சொன்னாள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக்கொடுத்த தம்பியும் சொன்னான். மூன்று மாதம் ஒழுங்காக எடுத்து, இருமல் பாதியாகக் குறைந்ததும், நானும் நம்பி நிறுத்தினேன். நவம்பர் மழையில் வீட்டுச் சுவர் ஓதம் ஏறி, மூலையில் பூஞ்சை கறுத்திருந்தது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் ஆட்டோவில் கிடந்தேன். "ஏங்க, பேசாதீங்க, மூச்ச மட்டும் விடுங்க" என்று மனைவி முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். பிறகு ஐந்து நாளைக்கு ப்ரெட்னிசலோன் மாத்திரை, தினம் 40 மில்லிகிராம். அது ஸ்டீராய்டு. நான் பயந்து நிறுத்திய இன்ஹேலரில் ஒரு நாளைக்கு இருந்தது 400 மைக்ரோகிராம், எடையில் நூறில் ஒரு பங்கு. மருந்துகள் வேறு, வீரியமும் வேறு, தராசில் வைத்து ஒப்பிடக்கூடாது என்பது தெரியும். ஆனால் ஒன்று வயிற்றில் இறங்கி உடம்பெல்லாம் சுற்றுகிறது. மற்றது வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்தவன் கடைசியில் அதிக ஸ்டீராய்டைத்தான் சாப்பிட்டான். அதை அம்மாவோ கடைக்காரத் தம்பியோ "பழகிடும்" என்று சொல்லவில்லை. மாத்திரைதானே, யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒழுங்காக எடுத்தும் மாதக்கணக்கில் முழுதாகச் சரியாகவில்லை. பல்லாவரம் ஸ்டேஷன் படி ஏறினால் நெஞ்சு இறுகியது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். அடுத்த செக்கப்பில் மருத்துவர் "எப்படி எடுக்கறே, காட்டு" என்றார். காட்டினேன். தலையில் கைவைத்துக்கொண்டார். நான் அழுத்தியதில் முக்கால்வாசி தொண்டையில்தான் படிந்திருக்கிறது. குலுக்கி, முதலில் மூச்சை வெளியே விட்டு, பிறகு அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்கி, கடைசியில் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு ஸ்பேசர் வாங்கினால் இன்னும் சுலபம். வாட்டர் பியூரிஃபையர் வாங்கினால்கூட வீட்டுக்கு ஆள் வந்து செய்துகாட்டுகிறான். உயிர் போகும் விஷயத்துக்கு ஒரு நிமிடம் செய்துகாட்ட யாருமில்லை.

"எல்லாம் இங்கிலீஷ்காரன் மருந்து, நம்ம உடம்புக்கு ஒத்துவராது" என்றார் மாமா. மாமாவுக்கு ஒரு மெட்ராஸ் கதை. இங்கே ஊமத்தையை உலர்த்தி, அதன் புகையை இழுத்து இரைப்புக்கு வைத்தியம் செய்தார்கள். அதை மெட்ராஸில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் தெரிந்துகொண்டு, 1802ல் ஜெனரல் ஜென்ட் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே ஆஸ்துமா சிகரெட்டுகள் நூறு வருடத்துக்கும் மேல் விற்றன. ஊமத்தை விஷம், இன்று யாரும் தொடக்கூடாது. ஆனால் அதே வகைச் செடிகளில் இருக்கும் அட்ரோபினை மாற்றியமைத்து வந்ததுதான் இப்போது நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம். நுரையீரல் நோய்க்கு மருந்தை மூச்சோடு இழுப்பது நம் ஊருக்கு அந்நியம் இல்லை, மாமா. அதை வெட்கப்படும் காரியமாக ஆக்கியதுதான் புதுசு. கையில் பிடிக்கும் இன்ஹேலர் 1956ல் அமெரிக்காவில் வந்தது. ஒரு மருந்து கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ஹேர் ஸ்ப்ரே மாதிரி இதுவும் ஏன் டப்பாவில் வரக்கூடாது என்று அவள் கேட்டதில் பிறந்தது அது.

ஒருநாள் வைத்தியத்தின் கவர்ச்சியும் இந்தச் சொல்லில் இருந்துதான் வருகிறது. ஜூன் மாதம் மிருகசீரிஷ நாளில் ஹைதராபாத் நாம்பள்ளி திடலில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று, வாயில் மருந்து அடைத்த உயிருள்ள விரால் குஞ்சை விழுங்குகிறார்கள். மருந்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு குடும்பத்தின் ரகசியம். வரிசையில் நிற்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் ரயில் டிக்கெட் பார்த்துக்கொடுத்தார்கள். வந்து போகும் நோய் என்று நம்பினால், ஒரேயடியாகப் போகவைக்க ஒரு மீன் போதும் என்றும் நம்பத் தோன்றும். தினம் எடுக்க வேண்டிய மருந்து தோல்வியாகத் தெரியும்.

"மன உறுதி இருந்தா ஜெயிச்சிடலாம் மச்சி" என்கிற நண்பன் சே குவேரா டி-சர்ட் போட்டிருந்தான். சேவுக்கும் ஆஸ்துமா. 1967ல் பொலிவியக் காட்டில், ஒளித்து வைத்திருந்த அவர் மருந்து ராணுவத்தின் கையில் சிக்கிய பிறகு என்ன பாடுபட்டார் என்பதை அவரே டைரியில் எழுதியிருக்கிறார். அவரைவிட உன்னிடம் உறுதி அதிகமா, மச்சி?

இன்னொரு நண்பரின் கேள்வி நியாயமானது. "காத்தை நாசம் பண்ணவனை விட்டுட்டு, மூச்சு முட்டறவன்கிட்ட இன்ஹேலரை விக்கறதுதானே இது?" நாகல்கேணி தோல் ஷாப்புகள், திரிசூலத்து ஜல்லி தூசி, தினம் நான் பைக்கில் போகும் ரேடியல் ரோடு, 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்த பெருங்குடி குப்பைமேடு. இவை எல்லாம் கணக்கில் வரவேண்டும். ஆனால் கணக்கு எழுத எண்ணிக்கை வேண்டும். "வீசிங்", "டஸ்ட் அலர்ஜி" என்று சீட்டில் எழுதப்பட்ட நாங்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டோம். அலர்ஜி என்று சொன்னதும் குற்றம் காற்றிலிருந்து என் உடம்புக்கு மாறிவிடுகிறது. காற்றோடு சண்டை போடவும் முதலில் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

எல்லோராலும் ஒரே விலையில் சொல்ல முடியாது என்பதும் தெரியும். என் டீமில் ஒரு பெண் ரெஸ்ட் ரூமுக்குள் போய்த்தான் இன்ஹேலர் எடுக்கிறாள். அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவளிடம் போய்த் தைரியமாகச் சொல் என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஆண், கல்யாணம் ஆனவன், நிரந்தர வேலை. எனக்கு இது மலிவு. மலிவாகச் சொல்லக்கூடியவர்கள் முதலில் சத்தமாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு விலை குறையும். அதனால் இப்போது ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கிலேயே எடுக்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் அரசு, இழுக்கும் ஸ்டீராய்டையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடையில்லாமல் கொடுத்து, எடுக்கும் முறையையும் காட்டவேண்டும். கேட்பதற்கு நோயாளிகள் இருந்தால்தான் கொடுப்பார்கள். வீசிங்காரர்கள் எதையும் கேட்க மாட்டார்கள்.

போன சனிக்கிழமை அகத்தீஸ்வரர் கோயில் வரிசையில் அம்மாவோடு நின்றேன். எள் விளக்குப் புகையில் இருமினேன். முன்னால் நின்ற பாட்டி திரும்பி, "பையனுக்கு வீசிங்கா?" என்றார். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா, ஆஸ்துமா. மருந்து எடுத்துக்கறான்."

பாட்டி வரிசையில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "எம் பேத்திக்கும் இருக்கு. எந்த டாக்டர்கிட்ட பாக்கறீங்க?" என்று கேட்டார்.