நித்திரைக் குளிசை நீதியாகுமா?

தெஹிவளைத் தொடர்மாடிகளில் வாழும் நம்மவர் பலருக்கு இரவில் நித்திரையில்லை. வைத்தியர் குளிசை தருகிறார். யோகாசனம் பழகு, கடற்கரையில் நட என்று நண்பர் புத்தி சொல்கின்றனர். இவற்றை நாம் பழிக்கவில்லை. குளிசை வேண்டியவன் குளிசையை விழுங்கத்தான் வேண்டும். ஆனால் இந்நோய் எங்கே பிறந்தது?

1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்திக் காடையர் வீடு தேடி வந்தனர். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழர் இல்லங்கள் எரிந்தன. 2007 யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டே அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது மெய்யே. எனினும் கதவு தட்டும் ஓசைக்கு இன்றும் நெஞ்சு பதைப்பவனை நோக்கி, அது உன் மனப்பலவீனம் என்று கூற எவருக்கு உரிமையுண்டு?

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளநோயாளரைப் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், இது தனிமனிதரின் காயம் மட்டுமன்று, குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே தாக்கிய காயம் என்று எழுதினார். காயம் ஊருக்கு, மருந்தோ ஒருவனுக்கு மட்டும்!

கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்கள், தம் செம்மண் தோட்டங்களை முட்கம்பிக்கு அப்பால் நின்று பார்த்தே முதுமையடைந்தனர். பெரும்பகுதி நிலம் விடுவிக்கப்பட்ட பின்னரும் எஞ்சியது படையினர் வசமே உள்ளது. காணியிழந்தவனுக்குக் காணியே மருந்து. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாருக்கோ, பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்ற விடையே மருந்து. எந்த மூச்சுப் பயிற்சி அதனைத் தரும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1996 யூலை 24ஆம் நாள், விடுதலைப் புலிகள் வைத்தவை எனப்படும் குண்டுகள் இதே தெஹிவளையில் புகைவண்டியில் வெடித்து 64 பேர் மாண்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிய எளிய மக்கள் அவர்கள். அவர்தம் குடும்பத்தினருக்கும் நித்திரையில்லை. அவர்களை மறந்து நாம் கேட்பது நீதியாகாது, சலுகையே ஆகும்.

இவ்வூரில் வைத்தியருக்கும் சட்டத்தரணிகளுக்கும் குறைவில்லை. வாரத்தில் ஒரு மாலை, கோவில் மண்டபமொன்றில் இவர்கள் ஒன்றாக அமரட்டும். துயரை வைத்தியர் செவிமடுக்க, காணிக்கும் காணாமற்போனோருக்குமான மனுக்களைச் சட்டத்தரணி எழுதட்டும். அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும் அங்கே ஒரு பாய் விரித்திருக்கட்டும்.