காசு போச்சு, சிரிப்பு வரலை!

"காசேதான் கடவுளடா" என்றாலே நினைவுக்கு வருவது தேங்காய் சீனிவாசன்தான்! மெட்ராஸ் பாஷை பேசிக்கொண்டு அவர் போட்ட போலிச் சாமியார் வேஷத்தை யார் மறப்பார்கள்? காசைக் கண்ணில் காட்டாத சித்தி மனோரமாவும் சும்மாவா? 1972-ல் ஏ.வி.எம். தயாரித்து, சித்ராலயா கோபு இயக்கிய படம் அது.

51 ஆண்டு கழித்து, 2023-ல் அதே பெயரில் புதுப்படம். ஆர்.கண்ணன் டைரக்‌ஷன். மிர்ச்சி சிவா, யோகி பாபு, ஊர்வசி. சிரிக்க வைக்கத் தெரியாதவர்களா இவர்கள்? இல்லை! அப்புறம் ஏன் படம் புஸ்ஸுன்னு போச்சு?

கோபு அதை முதலில் நாடகமாகப் போட்டார். எந்த வசனத்துக்குக் கைதட்டல், எது எடுபடாது என்பது மேடையிலேயே தெரிந்துவிடும். சோதித்துப் பார்த்த சரக்குதான் சினிமாவுக்கு வந்தது. திருடப் போனவன் மாட்டிக்குவானோ என்று நெஞ்சு படபடக்கும். அதனால்தான் சிரிப்பும் வெடித்தது. புதுசில் அந்தப் படபடப்பே இல்லை. ஆளாளுக்கு 'கடி'தான்!

குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால் நூறு நூறாகக் கரைகிற காலம் இது. பழைய பெயரைக் காட்டிக் கூப்பிடுகிறவர்கள் ரசிகனின் காசுக்கு மரியாதை தர வேண்டாமா? பழைய கதையை எடுக்கட்டும், தப்பில்லை. அந்தப் பழைய உழைப்பையும் சேர்த்து எடுக்கட்டும்!