எங்கள் தண்ணீரைப் பற்றிப் படிக்க எங்களிடமே காசா?

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதியதைப் படிக்க எங்களிடமே காசு கேட்கிறார்கள். அதுவும் டாலரில். ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று செக்கிங் பார்க்கும் ஒரு பெண்ணின் பல நாள் கூலி அது. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நான் திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் குடியிருப்பவன். சாயப்பட்டறை லேபில் வேலை. மனைவியின் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. சாயம் கலக்கும் இடமும் எனக்குத் தெரியும், அந்தச் சாயம் போய்ச் சேர்ந்த இடமும் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். ரியாக்டிவ் சாயம் பருத்தித் துணியில் ஏற உப்பு வேண்டும். லிட்டருக்கு ஐம்பது கிராம். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர் நிறமென்றால் எண்பது கிராம்கூடப் போகும். சாயத்தைத் துணிக்குள் தள்ளியதோடு உப்பின் வேலை முடிந்துவிடும். துணியில் அது தங்காது. கொட்டிய உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும். பல்லாண்டுகள் அது நொய்யல் ஆற்றில்தான் போனது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீர் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய விவசாயி, தயவுசெய்து திறந்துவிடாதே என்று கெஞ்சினான். உலகத்தில் எந்த அணைக்குக் கீழே இந்தக் கொடுமை நடந்திருக்கிறது?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறமும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே நாளில் ஊர் அடங்கிப்போனது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பூட்டுத் தொங்கியது. பட்டறைகள் திரும்பத் திறக்க வழி தேடியபோது, உவர்நீரைக் கழிவாக விடாமல் மறுபடியும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்தது எங்கள் அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில்தான். அதை நம்பித்தான் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

இத்தனையும் எங்கள் மண்ணில், எங்கள் தண்ணீரில், எங்கள் உடம்பின் மேல் நடந்தது. இதைப் பற்றி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நிலத்தடி நீர், மண், தென்னை, கால்நடை, கூலி, பெண் தொழிலாளர் என்று தொடாத பொருள் இல்லை. அதில் எங்கள் கைக்கு வந்தது எவ்வளவு?

மாமனார் தோட்டத்துக்கும் ஆய்வு மாணவர்கள் வந்தார்கள். மோர் கொடுத்து உட்கார வைத்தோம். எந்த வருடத்திலிருந்து தண்ணீர் கரித்தது, எந்தப் பயிர் முதலில் கருகியது, மாடு எந்தத் தொட்டியில் வாய் வைக்க மறுத்தது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மேலே பேனாவால் எண் போட்டு எடுத்துப் போனார்கள். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. பின்னாளில் என் மகன் இணையத்தில் அந்தக் கட்டுரையைக் கண்டுபிடித்தான். தலைப்பு தெரிந்தது, நாலு வரிச் சுருக்கம் தெரிந்தது, அதற்குக் கீழே விலைச்சீட்டு. எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. வேறு வழியில் கிடைத்தபோது பார்த்தால், மாமனாரின் கிணறு ஓர் எண்ணாக நின்றது. அவர் சொன்ன வருடக் கணக்கு எதுவும் அதில் இல்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் கிணறு அந்த வரம்பையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது என்று அந்த அட்டவணை சொன்னது. பாழான நிலத்துக்கு இழப்பீடு கேட்டு ஓடியபோது இந்த ஒரு வரி கையில் இருந்திருந்தால் எங்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்ட நாளில் அது பூட்டிக் கிடந்தது.

கட்டுரைக்குக் கேட்கும் அந்தக் காசு யாருக்குப் போகிறது? ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணம் பெரும்பாலும் அரசுப் பணம், அதாவது நம் வரி. எழுதிய ஆய்வாளருக்கு இதழ் ஒரு பைசா தருவதில்லை. சரிபார்க்கும் பேராசிரியரும் சும்மாதான் செய்து கொடுக்கிறார். இடையில் நிற்கும் பதிப்பகம் வாங்கி, பூட்டி, விற்கிறது. அந்த வியாபாரத்தில் முதலிடத்தில் நிற்கும் எல்சவியரின் அறிவியல் பிரிவுக்கு லாபம் முப்பது விழுக்காட்டுக்கும் மேல். பூட்டு வேண்டாம், எல்லோரும் படிக்கட்டும் என்றால், ஆய்வாளரே கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். 'நேச்சர்' இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 11,390 டாலர். எந்த ஊர்க் கல்லூரி ஆசிரியர் இதைக் கட்ட முடியும்?

இந்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். நல்லது, மாணவர்கள் படிக்கட்டும். ஆனால் கிணற்றுக்குச் சொந்தக்காரன் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான். சாயத் தொழிலாளி வெளியே. இந்தச் செய்தியை எழுதும் உள்ளூர் நிருபர் வெளியே. எங்கள் வரியை எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்களை மட்டும் விட்டுவிட்டு வாங்கிய சந்தா அது. கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தந்துவந்த சை-ஹப் தளத்தின் மேல் பெரிய பதிப்பகங்கள் 2020இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025இல் அதையும் முடக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. இனி ஏழை எந்தக் கதவைத் தட்டுவான்?

இருப்பதை வைத்து நாமே எழுதுவோம் என்று தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போனேன். 2003இல் தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பிலேயே ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய இடம் அது. அங்கே ஒரு விதி உண்டு. சொந்த ஆய்வை எழுதக் கூடாது, எழுதுவதற்கு வெளியான சான்று காட்ட வேண்டும். நியாயமான விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் நிலையைப் பாருங்கள். எங்கள் அனுபவத்தை எழுதினால் சான்று எங்கே என்கிறார்கள். சான்றைத் தேடிப் போனால் அது பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டியவனும் எங்கள் வாயிலிருந்து கேட்டுத்தான் எழுதியிருக்கிறான். எங்கள் ஊர்க் கதையை நாங்களே எழுத முடியாமல் கை கட்டி நிற்கிறோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2008இல் 'ஆர்என்ஏ பயாலஜி' என்ற உயிரியல் ஆய்விதழ், ஆர்என்ஏ குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் விக்கிப்பீடியாவுக்கும் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2012இல் 'பிளாஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி' இதழ், சரிபார்த்த கட்டுரைகளைத் தானும் வெளியிட்டு விக்கிப்பீடியாவிலும் ஏற்றத் தொடங்கியது. 2014இல் விக்கியிலேயே ஒரு மருத்துவ ஆய்விதழ் பிறந்தது. பிறகு அறிவியலுக்கும் மனிதவியல் துறைகளுக்கும் விக்கி இதழ்கள் வந்தன. அங்கே எழுதுகிறவருக்கும் கட்டணம் இல்லை, படிக்கிறவருக்கும் கட்டணம் இல்லை. துறை வல்லுநர்கள் சரிபார்க்கிறார்கள், அவர்கள் சொன்ன குறையும் நிறையும் எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் திருத்தும் இடத்தை எப்படி நம்புவது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. சரிபார்த்த பிரதி மாறாமல் தனியே நிற்கிறது. பிறகு கை வைத்தவர் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. பூட்டிய இதழில் ஒரு தப்பு வந்தால் அது தப்பு என்று சொல்லும் விவசாயிக்கு அதைப் படிக்கவே வழியில்லை. ஐப்பசி மழை முடிந்து எடுத்த தண்ணீரும் சித்திரை வெயிலில் எடுத்த தண்ணீரும் ஒன்றா? எந்த வருடம் கிணற்றை ஆழப்படுத்தினோம், எப்போது பக்கத்தில் போர் போட்டார்கள் என்பதையெல்லாம் கேட்காமல் எழுதிய எண் உண்மையைச் சொல்லுமா? திறந்த இடத்தில், தமிழில் இருந்தால் நாங்கள் சொல்வோம்: ஐயா, இந்தத் தண்ணீர் எடுத்தது மழைக்கு அடுத்த வாரம் என்று.

நம் ஊரில் இதற்காகப் பாடுபட்டவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002லேயே தன் ஆய்வுக் கட்டுரைகளுக்குத் திறந்த களஞ்சியம் அமைத்தது. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் பல்லாண்டுகளாக இதற்குக் குரல் கொடுத்தார். தங்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகளைத் திறந்த களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கொள்கையே வெளியிட்டன. நாட்டுடைமையான தமிழ் நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிமூலத்தில் ஏறியிருக்கின்றன. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பல்கலைக்கழகங்களை ஆள்பவர்களே, பூட்டிய இதழில் வந்தால் பதவி உயர்வுக்குப் புள்ளி, விக்கியில் சரிபார்த்து வெளியிட்டால் பூஜ்யம் என்ற கணக்கை மாற்றுங்கள். எங்கள் ஊருக்கு வரும் மாணவர்கள் நல்லவர்கள். அந்தக் கணக்குதான் அவர்களை எங்களை மறக்க வைக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு ஆய்வுக்கும் தமிழில் ஒரு பிரதி திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். அதுவரை அந்த ஆய்வு எங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் செய்வதற்கும் ஒன்று இருக்கிறது. மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. முடிவைத் தமிழில் எழுதி, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய இடத்தில் வைப்பேன் என்று எழுத்தில் உறுதி தராத எந்த ஆய்வுக்கும் இந்த ஊரில் ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் கிடையாது என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நொய்யல் கரையில் உள்ள ஊராட்சிகள் எல்லாம் இதே தீர்மானத்தைப் போட வேண்டும்.